உடம்புக்குள் வைத்த பைக்கு ஆயுள் எத்தனை?

தண்டவாளம், பாலம், சிக்னல் என்று இம்மலரில் எழுதி வந்தவன் நான். இம்முறை எழுதப்போவது, பெண்கள் அழகுக்காக மார்பகத்தில் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் பையைப் பற்றி. வைத்துப் பல ஆண்டுகள் கழிந்தபின் அதை மாற்றுவதா, எடுத்துவிடுவதா, அப்படியே விடுவதா என்பதுதான் கட்டுரைப் பொருள். அறுபது தாண்டிய ஆண், அதுவும் ரயில்வேயில் ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன், இதை எழுதலாமா என்று என் மனைவியிடமே கேட்டேன். "எழுதுங்க. வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தானே அந்தப் பிள்ளை ஒண்ணரை வருஷம் வலியோட கெடந்தது" என்றாள்.

"அந்தப் பிள்ளை" என்பது என் தங்கை மகள். அவள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆண்டையும் ஊரையும் சற்று மாற்றியிருக்கிறேன்.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குடியிருக்கும் காரக்கோணம், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் பாறசாலை எல்லைப்புறத்தில் இருக்கிறது. இங்கிருந்து தெற்கே கல்குளம், இரணியல் வரைக்கும் உள்ள மண்ணில், மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859 ஜூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் பிறப்பித்த ஆணையோடுதான் அது ஓய்ந்தது. அன்று பெண்ணின் மார்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஊருக்கெல்லாம் உரிமை இருந்தது, அவளுக்கு மட்டும் இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த நாம், ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே எடுத்த முடிவைக் குசுகுசுவென்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் கணவரோடு வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில், 2007-இல், அங்குள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டாள். இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தபின் மார்பு வற்றிவிட்டது என்ற மனக்குறைதான் காரணம். கணவருக்கும் என் மனைவிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு இடப்பக்கம் மெல்ல மெல்லக் கெட்டியானது. ஒருக்களித்துப் படுத்தால் வலித்தது. கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் மேலேறித் தெரிந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம், பெண் மருத்துவரிடம், என் மனைவி அவளை அழைத்துச் சென்றாள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியிலேயே இருவரும் விழித்தார்கள். அன்று மாலைதான் விஷயம் என் காதுக்கு வந்தது.

"மாமா, என்ன கம்பெனி, என்ன மாடல்னு டாக்டர் கேக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கையில் இருந்தது ஒரே ஒரு டிஸ்சார்ஜ் தாள். அதில் "இருபுறமும் சிலிக்கோன், 275 சி.சி." என்று மட்டும் இருந்தது. சிகிச்சை செய்த நிலையம் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் பூமிக்குள்ளோ, கான்கிரீட்டுக்குள்ளோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்த பொருளை வருடக்கணக்கில் எப்படிக் கண்காணிப்பது என்பதுதான் என் முப்பத்தைந்து ஆண்டுப் பிழைப்பு. ஆகவே இந்தப் பொருளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

பை பிறந்த கதை

மார்பைப் பெரிதாக்கும் ஆசை பழையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரபின் மெழுகை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். பின்னர் சிலிக்கோன் திரவத்தையே நேரடியாக ஊசியில் ஏற்றினார்கள். இரண்டுமே பெருங்கேடாக முடிந்தன. திரவத்தைப் பைக்குள் அடைத்து வைக்கலாம் என்ற யோசனை அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் கிரோனின், ஜெரோ என்ற இரு அறுவை மருத்துவர்களுக்குத் தோன்றியது. 1962-இல் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்மணிக்கு முதன்முதலாக வைத்தார்கள். அவர் மார்பில் இருந்த பச்சைக்குத்தை எடுக்க மருத்துவமனைக்கு வந்தவர் என்பது வேடிக்கை. 2012-இல் ஐம்பதாம் ஆண்டை ஒட்டிப் பத்திரிகைகள் அவரைத் தேடிப் போனபோது, அதே பைகளோடுதான் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பையின் அமைப்பு எளிது. வெளியே ரப்பர் போன்ற சிலிக்கோன் ஓடு, உள்ளே சிலிக்கோன் ஜெல் அல்லது உப்பு நீர். பழைய ஜெல் பாகு போல வழியும். இப்போது வரும் ஜெல் அல்வா மாதிரி, வெட்டினாலும் ஓரளவு நின்ற இடத்தில் நிற்கும். ஓட்டின் வெளிப்புறம் இரண்டு வகை: ஒன்று வழவழப்பானது, மற்றொன்று சொரசொரப்பானது. பை உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் சொரசொரப்பைக் கண்டுபிடித்தார்கள். அதுவே பின்னர் வேறொரு வினையைக் கொண்டுவந்தது.

ஏன் கெட்டியாகிறது?

உடம்புக்குள் அந்நியப் பொருள் எது வந்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வு கட்டும். இதயத்துடிப்புக் கருவியைச் சுற்றியும் கட்டும், எலும்பில் வைக்கும் தகட்டைச் சுற்றியும் கட்டும். இந்த உறை மெல்லியதாக இருந்தால் நல்லது, அது பையை இடத்தில் நிறுத்துகிறது. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கத் தொடங்குகிறது. பலூனைக் கையால் இறுக்கிப் பிடித்தால் அது உருண்டு திரண்டு கெட்டியாகிறது அல்லவா? அதுவேதான் இங்கும் நடக்கிறது. கெட்டியானது பை அல்ல, பையைச் சுற்றிய உறை. அழுக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டின்மீது படியும் கிருமிப் படலம், அறுவையின்போது தேங்கிய இரத்தம், கசிந்த ஜெல் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஒரே காரணம் என்று யாரும் முடித்துச் சொல்லவில்லை.

பேக்கர் என்ற மருத்துவர் இதை 4 படிகளாக வகுத்தார். முதல் படி, தொட்டால் இயல்பு. இரண்டாவது, தொட்டால் சற்றுக் கெட்டி, பார்த்தால் தெரியாது. மூன்றாவது, கெட்டியும் உருவ மாற்றமும். நான்காவது, கல்லைப் போன்ற கெட்டி, வலி. என் மருமகளின் இடப்பக்கம் நான்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றும் நான்கும்தான் பெரும்பாலும் மறு அறுவைக்கு வருகின்றன. கையால் பிசைந்து அழுத்தி உறையை உடைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. அதில் பையே உடைந்த சம்பவங்கள் உண்டு, அதற்கு யாரும் உடன்பட வேண்டாம்.

கிழிசல் வேறு சங்கதி. உப்புநீர்ப் பை கிழிந்தால் நீர் உடம்பில் கலந்து ஓரிரு நாளில் மார்பு தட்டையாகிவிடும், மறைக்க முடியாது. ஜெல் பை கிழிந்தாலோ பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. ஜெல், சுற்றியுள்ள உறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வடிவமும் மாறாது, வலியும் இராது. இதைச் சத்தமில்லாக் கிழிசல் என்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு என் பழைய வேலை நினைவுக்கு வந்தது. தண்டவாளத்தின் தலைக்குள் ஓடும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டினாலும் எல்லா நேரமும் காட்டாது. மீயொலிக் கருவியைத் தண்டவாளத்தின்மேல் தள்ளிக்கொண்டு மைல் கணக்காக நடப்போம். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி திரும்பி வந்து திரையில் முள்ளாகக் குத்தி நிற்கும். மருத்துவமனையில் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அதே தத்துவம்தான். பைக்கு அல்ட்ராசவுண்ட் முதல் பார்வைக்கு உதவும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். கிழிசலை மட்டும் பார்க்க எம்.ஆர்.ஐ.-யில் சாய ஊசி தேவையில்லை. மேமோகிராம் புற்றுநோயைத் தேடும் கருவி, சத்தமில்லாக் கிழிசலைக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது. ஆனால் பை வைத்தவர்களும் வயதுக்கேற்ற மேமோகிராம் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. படம் எடுப்பவரிடம் பை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தனிக் கோணத்தில் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் பை படத்தை மறைக்கும், அழுத்தத்தில் பைக்கும் ஆபத்து.

மருமகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. வலித்து, கெட்டியாகி, மேலேறி நின்ற இடப்பக்கப் பை முழுசாக இருந்தது. ஒன்றரை ஆண்டாக யாரும் ஏறிட்டும் பார்க்காத வலப்பக்கப் பை கிழிந்திருந்தது. கிழிந்த ஓடு ஜெல்லுக்குள் மடிந்து மடிந்து மிதப்பதை மருத்துவர் திரையில் காட்டினாராம். "இடியாப்பத்தை தண்ணியில போட்டது மாதிரி இருந்து" என்று என் மனைவி வந்து சொன்னாள். இத்தாலிய நீள மாவு இழையின் பெயரை வைத்து மருத்துவர்கள் அதே அடையாளத்தைச் சொல்கிறார்களாம். நமக்கு இடியாப்பம்.

பத்து ஆண்டுக் கணக்கு

"பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். என் மருமகளும் அதைக் கேட்டு, பதினோராம் ஆண்டிலிருந்து மனத்துக்குள் பயந்துகொண்டே இருந்தாள். இந்தக் கணக்குத் தவறு. ஆனால் அதற்கு நேர் எதிரான "ஆயுள் முழுக்க இருக்கும்" என்ற பேச்சும் தவறு.

தண்டவாளத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆயுளை நாங்கள் வருடத்தில் கணக்கிடுவதில்லை. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள, 90 யு.டி.எஸ். தரத் தண்டவாளம் 52.5 கோடி டன் பாரத்தைச் சுமந்தபின் மாற்றத்துக்கு உரியது, 60 கிலோ தண்டவாளம் 80 கோடி டன் சுமந்தபின் என்று இந்திய ரயில்வேயின் வழித்தட விதிநூல் சொல்லும். கடலோர உப்புக் காற்றில் அரித்துப் போனதை அதற்கு முன்னதாகவே மாற்றுவோம். சோதனையில் விரிசல் தெரிந்தால் இரண்டு வகைத் தீர்ப்பு: ஒன்று "உடனே அகற்று", மற்றொன்று "கண்காணித்து வா". வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டால் தணிக்கைக்காரன் என்னைக் கேட்பான். சோதனையே செய்யாமல் விட்டு அது முறிந்தால் நாடே என்னைக் கேட்கும்.

பைக்கும் இதே நிலைதான். இவை ஆயுட்காலப் பொருள்கள் அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தெளிவாகச் சொல்கிறது. உள்ளே இருக்கும் காலம் கூடக் கூடத் தொந்தரவின் வாய்ப்பும் கூடும். அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5 பேருக்கு ஒருவர் வரை 10 ஆண்டுக்குள் பையை எடுக்க நேர்கிறது என்று 2011-இல் அந்நிர்வாகம் கூறியது. அப்படியானால் மீதி நால்வருக்குப் பத்தாம் ஆண்டில் எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ஹூஸ்டன் பெண்மணியின் ஐம்பது ஆண்டு ஒரு முனை, முதல் ஆண்டிலேயே கெட்டியாகிப் போகிறவர் மறுமுனை. தொந்தரவு இல்லாத, கிழியாத பையைத் தேதி பார்த்து மாற்ற வேண்டியதில்லை. தேதி பார்த்துச் செய்ய வேண்டியது சோதனை. ஜெல் பை வைத்தவர்கள், ஒரு குறையும் இல்லாவிட்டாலும், 5 அல்லது 6-ஆம் ஆண்டில் ஒருமுறையும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.-யோ பார்க்க வேண்டும் என்பது அந்நிர்வாகம் 2020-இல் வகுத்த நெறி. என் மருமகள் பதினேழு ஆண்டில் ஒருமுறைகூடப் பார்த்தது இல்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

தாளின் மதிப்பு

ஒவ்வொரு பையோடும் தொழிற்சாலையிலிருந்து உரித்து ஒட்டும் லேபிள்கள் வருகின்றன. அதில் தயாரித்தவர் பெயர், மாடல், கொள்ளளவு, தொகுதி எண், வரிசை எண் எல்லாம் இருக்கும். ஒன்று நோயாளியின் கேஸ் ஷீட்டில், ஒன்று நோயாளி கையில் கொடுக்கும் அட்டையில் ஒட்ட வேண்டும். இந்தச் சின்னத் தாள் எவ்வளவு பெரியது என்பதற்கு பிரான்ஸ் நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அங்கே 1991-இல் ழான் கிளோட் மாஸ் என்பவர் பி.ஐ.பி. என்ற கம்பெனியைத் தொடங்கினார். உலகெங்கும் பை விற்றார்கள். மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலைத் தர ஜெல்லைக் கலப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது 2010 மார்ச்சில்தான் அம்பலமானது. தரச் சோதனைக்கு வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்களாம். வந்தபோதெல்லாம் நல்ல ஜெல் பீப்பாய்தான் கண்ணில் பட்டது. இன்ஸ்பெக்‌ஷன் தேதியை முன்னரே சொன்னால் என்ன நடக்கும் என்பது எந்த ரயில்வேக்காரனுக்கும் தெரியும்! 2013 டிசம்பரில் மாஸுக்கு 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நமக்குப் பாடம் அதற்குப் பின் நடந்ததில் இருக்கிறது. பிரான்ஸ் அரசு 2011 டிசம்பரில், அந்தப் பை வைத்த சுமார் 30,000 பெண்களும் கிழியாவிட்டாலும் எடுத்துவிடுவது நல்லது என்றது. பிரிட்டனில் சுமார் 47,000 பெண்கள். அங்கே எல்லோரும் எடுக்க வேண்டியதில்லை, கவலைப்படுபவர்கள் மருத்துவரைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். ஒரே பை, இரண்டு அரசு, இரண்டு தீர்ப்பு. இதில் யார் சரி என்பதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. தன் உள்ளே இருப்பது எந்தப் பை என்று தெரியாத பெண்கள் இந்த இரண்டு தீர்ப்பில் எதையும் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள். பழைய பதிவேடுகளைத் தேடினால் சில இடங்களில் பதிவேடே இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு பிரிட்டன் 2016 அக்டோபரில் மார்பகப் பைகளுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கியது.

இரண்டாவது சம்பவம் நம் வீட்டிலேயே ஆறு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. சொரசொரப்பான பையைச் சுற்றிய உறையில், மிக அரிதாக, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்பது 2011-இலிருந்து தெரியவந்தது. இது மார்பகப் புற்றுநோய் அல்ல, வேறு வகை. 2019 ஜூலையில் அமெரிக்க நிர்வாகம், உலகெங்கும் 573 பேருக்கு இந்நோயும் 33 மரணமும் பதிவானதாகச் சொன்னது. அதில் 481 பேரிடம் இருந்தது அலர்கன் கம்பெனியின் பைகள். அக்கம்பெனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. பல லட்சம் பெண்களில் 573 என்பது சிறிய எண்தான். தொந்தரவு இல்லாதவர்கள் பயத்தால் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஆனால் பை வைத்துப் பல ஆண்டு கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால், நீர் கோத்தால், கட்டி தட்டுப்பட்டால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அந்த நீரை ஊசியால் எடுத்து இந்நோய்க்கென்றே உள்ள பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் பையையும் உறையையும் முழுதாக எடுப்பதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

என் மருமகளின் பை வழவழப்பா சொரசொரப்பா? தாளில் இல்லை. மூடிப்போன நிலையத்தின் பழைய விலாசத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. அங்கே அப்போது வேலை பார்த்த ஒருவரைக் கணவர் தேடிப் பிடித்தார். அவருக்கும் நினைவில்லை. நீர் கோக்கவில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததுதான் ஒரே ஆறுதல். தங்கைக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. "கடவுள் தந்தது போதாதா உனக்கு?" என்று ஆரம்பித்தாள். என் மனைவி அவளை அடுக்களைக்கு அழைத்துப் போய் என்ன சொன்னாளோ தெரியாது, அதன்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

மூன்று வழி

மருத்துவர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். கிழிந்ததை உள்ளே விட்டு வைப்பது நல்லதல்ல, எடுக்கத்தான் வேண்டும், ஆனால் இரவோடிரவாக ஓட வேண்டிய அவசரமும் இல்லை. எடுத்தபின் என்ன என்பதுதான் அவள் தீர்மானிக்க வேண்டியது.

ஒன்று, புதிய பை. இறுகிய உறையை எடுத்துவிட்டு, முன்பு தசைக்கு மேலே இருந்திருந்தால் இம்முறை தசைக்கு அடியில் புதிய இடம் உண்டாக்கி வைப்பது. ஆனால் முதல் அறுவையைவிட மறு அறுவையில் சிக்கல் கூடுதல். ஒருமுறை இறுகியவருக்கு மறுபடி இறுகும் வாய்ப்பும் அதிகம். இரண்டு, எடுத்துவிட்டுப் பை வைக்காமல், தொய்ந்த தோலைக் குறைத்து மார்பைத் தூக்கித் தைப்பது. தழும்பு கூடும். சிலருக்கு வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ சொந்தக் கொழுப்பை எடுத்துச் சிறிது நிரப்பலாம். மூன்று, எடுப்பது மட்டும். மார்பு முன்பிருந்ததைவிடச் சிறிதாகவும் தளர்ந்தும் தெரியும். சில மாதத்தில் தோல் ஓரளவு சுருங்கும், முழுதாக அல்ல. இதை மழுப்பாமல் முன்கூட்டியே சொன்னதற்காக அந்த மருத்துவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பையையும் உறையையும் திறக்காமல் ஒரே உருண்டையாக எடுக்க வேண்டும் என்று இக்காலத்தில் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். நான் சொன்ன அந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கு அது தேவை. மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை. விலா எலும்போடு ஒட்டிய உறையைப் பிய்க்கும்போது நுரையீரல் உறை கிழிகிற ஆபத்துகூட உண்டு. உடல்வலி, களைப்பு, மூட்டுவலி எல்லாம் பையால்தான் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். எடுத்தபின் சுகமானதாகப் பலர் சொல்கிறார்கள். காரணம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. அவர்கள் பேச்சை அலட்சியம் செய்யவும் வேண்டாம், எடுத்தால் எல்லாம் தீரும் என்று உறுதி தருபவரை நம்பவும் வேண்டாம்.

கணவர் புதிய பை வைக்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தார், பணத்தைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அவள் மூன்று வாரம் யோசித்தாள். பிறகு என் மனைவியிடம், "மாமி, இனியொரு பை வச்சா அறுவது வயசுல திரும்பவும் அந்த மேசையில ஏறணும். எனக்கு வேண்டாம்" என்றாள். இது அவள் முடிவு. இன்னொரு பெண் புதிய பை வேண்டும் என்றால் அதுவும் நியாயமான முடிவே.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் அழகுச் சிகிச்சையும் ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே அழகுக்காக வைத்த பையைப் பின்னாளில் எடுக்கும் செலவைப் பாலிசி ஏற்கும் என்று எதிர்பார்க்காமல், முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் அறுவைக்குப் பணம் சேர்ப்பவர்கள் இரண்டாம் அறுவைக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இது பணக்காரர் விவகாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் 2018 பிப்ரவரியில் மார்பக அறுவை சிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவைத் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது, அரசுப் பணம் இதற்கா என்று பெரிய விவாதமே நடந்தது. அந்த விவாதத்தில் இரண்டாம் அறுவையைப் பற்றி யாரும் பேசி நான் படிக்கவில்லை.

வெளிநாட்டு வாசகர்களுக்கும் ஒரு சொல். விடுமுறையில் சென்னைக்கோ கொச்சிக்கோ வந்து செய்துகொண்டு மூன்றாம் வாரம் விமானம் ஏறுகிறவர்கள் அதிகம். லேபிள் ஒட்டிய அட்டை, அறுவைக் குறிப்பின் நகல், பை தசைக்கு மேலா கீழா என்ற விவரம், இவை கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அட்டையைப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இந்தியாவில் உடம்புக்குள் வைத்த கருவி கெட்டுப்போனால் புகார் பதிவு செய்ய 2015 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காசியாபாத் மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. அதன் கூட்டாளி மையமாகத் தேர்ந்தது நம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம். மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதில் வென்று, 1990 டிசம்பரில் இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வை நோயாளிக்கு வைத்த அதே நிலையம்தான். தோற்ற மாதிரிகளின் கணக்கையும் எழுதி வைத்தவர்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

அறுவை ஒரு திங்கட்கிழமை நடந்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மறுநாள் மருத்துவர் எடுத்த பைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் காட்டினார். முழுசாக இருந்த பையின் பின்புறத்தில், தண்டவாளத்தின் இடுப்பில் தொழிற்சாலை முத்திரை உருண்டு பதிந்திருப்பது போல, தயாரித்தவர் அடையாளமும் 275 என்ற எண்ணும் வரிசை எண்ணும் பதிந்திருந்தன. வழவழப்பு வகை. திரும்பப் பெற்ற பட்டியலில் இல்லாதது. பதினேழு ஆண்டாகத் தேடிய தாள் அவள் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. எண்ணைக் கணவர் குறித்துக்கொண்டார்.

உறையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பியிருந்தார்கள். பத்தாம் நாள் அறிக்கை வந்தது. புற்று அணு ஏதும் இல்லை, நாட்பட்ட அழற்சி மட்டும். வடிகுழாயை நான்காம் நாளே எடுத்துவிட்டார்கள். கிழிந்த பக்கத்தில் சிறிது ஜெல் தங்கியிருக்கலாம் என்பதால் ஆறு மாதம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதியை நாங்கள் காலண்டரில் குறித்திருக்கிறோம்.